ரஞ்சி அணியா, ஐபிஎல் பணமா? இருதலைக்கொள்ளி எறும்பாய் இளம் கிரிக்கெட் வீரர்கள்

புதுதில்லி: தில்லி அருண் ஜேட்லி மைதானத்தில் 2025 ஜனவரி 30-ஆம் தேதி கூடிய கூட்டத்தை ரஞ்சிக் கோப்பை ஆட்டம் ஒன்று அண்மைக்காலத்தில் கண்டதில்லை. ரயில்வே அணிக்கு எதிரான வெறும் லீக் ஆட்டம்தான் அது. ஆனால் தில்லி அணியில் விராட் கோலி இருந்தார். 2012 நவம்பருக்குப் பிறகு அவர் ஆடிய முதல் ரஞ்சி ஆட்டம் என்பதால் அதிகாலையிலிருந்தே வாயில்களில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். மறுநாள் ரயில்வே வேகப்பந்து வீச்சாளர் ஹிமான்ஷு சங்வானின் பந்தில் கோலி 6 ரன்களில் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். சற்று நேரத்தில் அரங்கம் காலியாகத் தொடங்கியது. தில்லி அணி இன்னிங்ஸ் வெற்றி பெற்றதைப் பார்க்க அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

கோலி தாமாக விரும்பி வந்தாரா, வரவழைக்கப்பட்டாரா என்ற விவாதம் அப்போது நடந்தது. ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடரை இழந்த பின், உள்நாட்டுப் போட்டிகளில் ஆடுவதைக் கட்டாயமாக்கி இந்திய கிரிக்கெட் வாரியம் அந்த மாதம்தான் நெறிமுறைகளை வகுத்திருந்தது. மீறுவோரை ஐபிஎல் போட்டியிலிருந்தே விலக்கி வைக்கவும் அதில் இடம் இருந்தது. ரோஹித் சர்மாவும் 2015-க்குப் பிறகு முதல் முறையாக மும்பைக்காக ரஞ்சி ஆட வந்தார்.

நட்சத்திர வீரர்களைப் பற்றிய விவாதம் எளிது. அவர்களுக்கு இழப்பதற்கு அதிகமில்லை. ஒரு ரஞ்சி ஆட்டத்தில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருவாய் குறையப் போவதில்லை. அதே மைதானத்தில், அதே வெள்ளை உடையில், பெயர் தெரியாமல் நின்றிருந்த இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்களின் கணக்குதான் சிக்கலானது. தன்னை வளர்த்துவிட்ட மாநில அணிக்காக நான்கு நாள்கள் வெயிலில் உடலை வருத்திக்கொள்வதா, இரண்டே மாதங்களில் வாழ்க்கையையே மாற்றிவிடக்கூடிய ஐபிஎல் பருவத்துக்காக அந்த உடலைப் பாதுகாத்து வைத்துக்கொள்வதா? இந்தக் கேள்வியை அவர்கள் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேசினால் "பணத்தாசை" என்ற பட்டம் கிடைக்கும்.

முன்பு இரண்டும் ஒன்றுதான்

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று படிப்படியாக ஏறுவதே கிரிக்கெட் வீரரின் பாதை. 1935-இல் தொடங்கிய ரோஹின்டன் பாரியா கோப்பை, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியாக நெடுங்காலம் அந்தப் பாதையின் முதல் வாசலாக இருந்தது. சுனில் காவஸ்கர் பம்பாய்ப் பல்கலைக்கழக அணியின் வழியாக வந்தவர்தான். மாநில அணியில் இடம் கிடைத்துவிட்டால் ரயில்வேயிலோ, வங்கியிலோ, அரசு நிறுவனத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும். மாதச் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அந்த மாநிலத் தொப்பியின் பின்னால் வந்தன. அணிக்கு விசுவாசமாக இருப்பதும் பிழைப்பைக் காப்பாற்றிக்கொள்வதும் ஒரே திசையில் சென்றன. ஆகவே விசுவாசம் பெரிய தியாகமாகத் தெரியவில்லை.

தியாகமாகவே வாழ்ந்தவர்களும் உண்டு. ஹரியாணா, தில்லி அணிகளுக்காக ஆடிய இடக்கை சுழற்பந்து வீச்சாளர் ராஜிந்தர் கோயல் ரஞ்சிப் போட்டிகளில் 637 விக்கெட்டுகள் வீழ்த்தினார். அது இன்றும் தகர்க்கப்படாத சாதனை. பிஷன்சிங் பேடியின் காலத்தில் பிறந்துவிட்டதால் ஒரு டெஸ்ட் போட்டியில்கூட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மும்பையின் பத்மாகர் ஷிவால்கரின் கதையும் அதுவே. நாற்பது வயதைக் கடந்தும் இவர்கள் மாநில அணிக்காகப் பந்து வீசினார்கள். இருவருக்கும் வாரியம் 2017-இல் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை வழங்கியது. இன்றைய இளைஞர்களுக்கு இவர்களை முன்னுதாரணமாகக் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கோயலுக்கும் ஷிவால்கருக்கும் முன்னால் வேறு வழி இருக்கவில்லை. ரஞ்சியை விட்டுவிட்டுப் போக அன்று இடமே கிடையாது.

2008-இல் ஐபிஎல் வந்தபோது அந்த இடம் பிறந்தது. மாநில அணி ஒரு பக்கம், வருவாய் மறு பக்கம் என்று பாதை பிரிந்ததும் அப்போதுதான்.

நான்கு நாள் ஊதியமும் ஒரு நாள் ஊதியமும்

கணக்கைப் பார்த்துவிடலாம். 2021 செப்டம்பரில் வாரியம் அறிவித்த விகிதப்படி, 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடிய ரஞ்சி வீரருக்கு நாளொன்றுக்கு ரூ.60 ஆயிரம், 21 முதல் 40 ஆட்டங்கள் வரை ஆடியவருக்கு ரூ.50 ஆயிரம், அதற்குக் குறைவாக ஆடியவருக்கு ரூ.40 ஆயிரம். களமிறங்காமல் வெளியே அமர்ந்திருப்பவருக்கு இதில் பாதி. அதற்கு முன் எல்லோருக்கும் நாளொன்றுக்கு ரூ.35 ஆயிரமாக இருந்ததைப் பார்க்கும்போது இது நல்ல உயர்வுதான். புதிதாக அணிக்கு வந்த இளைஞர் ஒருவருக்கு நான்கு நாள் ஆட்டம் ஒன்றில் ரூ.1.60 லட்சம் கிடைக்கும். ஏழு லீக் ஆட்டங்களிலும் ஆடினால் ரூ.11.20 லட்சம். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது சிறிய தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். 2025 பருவம் முதல் ஐபிஎல் ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலை ரூ.30 லட்சம். அதற்கு மேல், களமிறங்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ரூ.7.50 லட்சம் ஊதியம் தரப்படும் என 2024 செப்டம்பரில் வாரியம் அறிவித்தது. அதாவது மூன்றரை மணி நேர ஐபிஎல் ஆட்டம் ஒன்றின் ஊதியம், புதிய வீரர் ஒருவரின் நான்கரை ரஞ்சி ஆட்டங்களின் ஊதியத்தைவிட அதிகம். 14 லீக் ஆட்டங்களிலும் ஆடினால் ஒப்பந்தத் தொகை நீங்கலாகவே ரூ.1.05 கோடி.

இது அடித்தட்டின் கணக்கு. 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரையும் சென்னை அணி தலா ரூ.14.20 கோடிக்கு எடுத்தது. இந்தத் தொகையை ரஞ்சியில் சம்பாதிக்க வேண்டுமானால், மூத்த வீரருக்கான நாள் ஊதிய விகிதத்திலேயே கணக்கிட்டாலும் ஏறத்தாழ 590 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஆண்டுக்குப் பத்து ஆட்டம் என்றாலும் ஐம்பத்தொன்பது ஆண்டுகள்.

இப்படிப்பட்ட தராசின் ஒரு தட்டில் நிற்கும் இளைஞனிடம் மறு தட்டைப் பார்க்காதே என்று சொல்வது எளிதல்ல.

வாரியத்தின் சாட்டை

2024 பிப்ரவரி 14-ஆம் தேதி ராஜ்கோட்டில் மைதானப் பெயர் சூட்டு விழாவில், உடல்தகுதியுள்ள அனைவரும் உள்நாட்டுப் போட்டிகளில் ஆடியாக வேண்டும் என்று வாரியத்தின் அன்றைய செயலர் ஜெய் ஷா எச்சரித்தார். ஒப்பந்த வீரர்களுக்கு அவர் எழுதிய கடிதத்திலும், உள்நாட்டுப் போட்டிகளைவிட ஐபிஎல்லுக்கு முன்னுரிமை தரும் போக்கு கவலையளிப்பதாகக் குறிப்பிட்டிருந்தார். இரு வாரங்களில் சாட்டை சுழன்றது. பிப்ரவரி 28-ஆம் தேதி வெளியான ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில் இஷான் கிஷனும் ஷ்ரேயஸ் ஐயரும் இடம்பெறவில்லை.

இஷான் கிஷன் 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணத்திலிருந்து சொந்தக் காரணங்களுக்காக விலகியவர். அதன் பின் தமது ஜார்க்கண்ட் அணிக்கான ரஞ்சி ஆட்டங்களுக்கு வரவில்லை. ஹார்திக் பாண்டியாவுடன் வதோதராவில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார் என்ற செய்தி வாரியத்துக்கு எரிச்சலூட்டியது. ஷ்ரேயஸ் ஐயர், முதுகுவலி எனக் கூறி மும்பையின் காலிறுதி ஆட்டத்தில் ஆடவில்லை. அவருக்குப் புதிய காயம் ஏதுமில்லை என்று தேசிய கிரிக்கெட் அகாதெமி தெரிவித்ததாகச் செய்திகள் வந்தன. ஆனால் அதே முதுகில் 2023-இல் அறுவைச் சிகிச்சை நடந்ததும், அதனால் அந்த ஆண்டின் ஐபிஎல் முழுவதையும் அவர் இழந்ததும் உண்மை. ஒரு முறை கத்தி பட்ட முதுகைப் பற்றி மருத்துவ அறிக்கை ஒன்று சொல்லும். அதைச் சுமப்பவர் வேறொன்று சொல்வார். இதில் யார் பொய் சொல்கிறார் என்று தீர்ப்பளிப்பது வெளியில் இருப்பவர்களின் வேலையல்ல.

தண்டனையின் அளவு என்ன? முந்தைய ஆண்டில் ஷ்ரேயஸ் ரூ.3 கோடி பெறும் பிரிவிலும், கிஷன் ரூ.1 கோடி பெறும் பிரிவிலும் இருந்தனர். அதே காலத்தில் ஐபிஎல்லில் கொல்கத்தா அணி ஷ்ரேயஸை ரூ.12.25 கோடிக்கும், மும்பை அணி கிஷனை ரூ.15.25 கோடிக்கும் எடுத்திருந்தன. வாரியம் பறித்த தொகை இருவருக்கும் பெரிய பள்ளமல்ல, அவமானம்தான் பெரிது. ஷ்ரேயஸ் மார்ச் மாதம் அரையிறுதிக்குத் திரும்பினார், இறுதி ஆட்டத்தில் விதர்பாவுக்கு எதிராக 95 ரன் எடுத்தார், மும்பை 42-ஆவது முறையாகக் கோப்பையை வென்றது. மே மாதம் அவர் தலைமையில் கொல்கத்தா ஐபிஎல் கோப்பையையும் வென்றது. அந்த ஆண்டு நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை ரூ.26.75 கோடிக்கு எடுத்தது. 2025 ஏப்ரலில் இருவருக்கும் ஒப்பந்தம் திரும்பக் கிடைத்தது.

ஆக, நட்சத்திரங்களை அடித்த சாட்டை அவர்களைப் பெரிதாக வலிக்கச் செய்யவில்லை. அதன் ஓசை கேட்டுப் பயந்தவர்கள் வேறு ஆள்கள். விதிவிலக்கும் இருந்தது. 2018 டிசம்பருக்குப் பின் ரஞ்சி ஆடாத ஹார்திக் பாண்டியா அந்த ஒப்பந்தப் பட்டியலில் 'ஏ' பிரிவில் நீடித்தார். அவரது உடல்நிலை நான்கு நாள் ஆட்டத்துக்கு ஏற்றதல்ல என்பது காரணமாக இருக்கலாம். அப்படியானால் உடலைப் பாதுகாத்துக்கொள்வது நியாயமான காரணம் என்று வாரியமே ஒப்புக்கொண்டதாகிறது. அந்த நியாயம் முன்னணி ஆல்ரவுண்டருக்குப் பொருந்தும், ஜார்க்கண்டிலோ திரிபுராவிலோ உள்ள இருபது வயது வேகப்பந்து வீச்சாளருக்குப் பொருந்தாது என்றால் எப்படி?

வேகப்பந்து வீச்சாளரின் சொத்து

இந்தப் பிரச்னை மட்டையாளர்களைவிட வேகப்பந்து வீச்சாளர்களையே அதிகம் சுடுகிறது. ஐபிஎல்லில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் நான்கு ஓவர்தான் வீச முடியும். 14 லீக் ஆட்டங்களிலும் முழுமையாக வீசினால் 56 ஓவர். ரஞ்சியில் ஓர் அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர் இதை இரண்டு ஆட்டங்களில் வீசி முடித்துவிடுவார். அதுவும் புல் குறைந்த ஆடுகளத்தில், இரண்டாவது புதிய பந்துக்காகக் காத்திருந்து.

கர்நாடகத்தின் பிரசித் கிருஷ்ணாவின் அனுபவம் இதற்கு நேரடிச் சான்று. 2022 ஏலத்தில் ராஜஸ்தான் அணி அவரை ரூ.10 கோடிக்கு எடுத்தது. முதுகெலும்பு முறிவால் 2023 பருவம் போயிற்று. மீண்டு வந்து 2024 ஜனவரியில் ஆமதாபாதில் குஜராத்துக்கு எதிராகக் கர்நாடகத்துக்காக ரஞ்சி ஆடும்போது தொடைத்தசை நாண் கிழிந்தது. பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டு ஐபிஎல்லும் கைநழுவியது. மாநிலத்துக்காக ஓடி வந்து வீசிய பந்தின் விலை ஒரு முழுப் பருவம். 2025-இல் குஜராத் அணிக்காக 25 விக்கெட்டுகள் எடுத்து அந்தத் தொடரின் அதிக விக்கெட் வீழ்த்தியவராக அவர் மீண்டது மகிழ்ச்சிக்குரியது. எல்லோரும் அப்படி மீள்வதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் தில்லியின் மயங்க் யாதவ். 2022 டிசம்பரில் தில்லிக்காக ஒரே ஒரு முதல்தர ஆட்டம் ஆடியவர். லக்னௌ அணி அவரை ரூ.20 லட்சத்துக்கு எடுத்திருந்தது. 2024 மார்ச் 30-ஆம் தேதி பஞ்சாபுக்கு எதிரான முதல் ஐபிஎல் ஆட்டத்தில் மணிக்கு 155 கி.மீ.க்கு மேல் வீசி மூன்று விக்கெட் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் வேகம் இன்னும் கூடியது. பிறகு விலாத்தசைக் காயம். அந்தப் பருவத்தில் ஆடியது நான்கே ஆட்டங்கள். ஆனாலும் அக்டோபரில் இந்திய டி20 அணியில் இடம் கிடைத்தது. அந்த மாத இறுதியில் லக்னௌ அவரை ரூ.11 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. அடுத்து முதுகுக் காயம். 2025 பருவத்தில் இரண்டு ஆட்டங்களோடு நின்றது. இந்த உடலை ரஞ்சியில் நாளொன்றுக்கு இருபது ஓவர் வீச அனுப்ப வேண்டுமா என்று கேட்டால், ஒரு சாரார் அப்படி வீசிப் பழகாததால்தான் உடல் உறுதிப்படவில்லை என்பர். மறு சாரார் அந்த உடல் அதைத் தாங்காது என்பர். இரண்டுக்கும் ஆதரவாக முன்னாள் வீரர்கள் பேசுகின்றனர். ஆனால் தவறாகக் கணித்தால் இழப்பது மயங்க் யாதவ் மட்டுமே.

பருவம் தொடங்குவதற்கு முன்பே காயமடைந்து ஒதுங்கும் வீரருக்கு ஐபிஎல் அணி ஒப்பந்தத் தொகையைத் தர வேண்டியதில்லை என்பது நடைமுறை. வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இந்த இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு உண்டு. 2024-25 பட்டியலில் இருந்தவர்கள் 34 பேர். ரஞ்சியில் ஆடும் அணிகள் 38. ஒவ்வோர் அணியிலும் களமிறங்குவோர் பதினொருவர் என்றாலே நானூறுக்கு மேல். கணக்கு சொல்லும் சேதி இவ்வளவுதான்: பெரும்பணம் சம்பாதித்துவிட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு, இனித்தான் சம்பாதிக்கப் போகிறவருக்கு இல்லை.

அமெரிக்காவில் நடந்தது

இதே சிக்கல் வேறொரு நாட்டில், வேறொரு விளையாட்டில் வெளிப்படையாகவே வெடித்தது. அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் கால்பந்து ஆட்டம் மாபெரும் வணிகம். அங்கு பருவத்தின் முடிவில் 'பௌல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்கள் நடக்கும். கல்லூரியில் சிறந்து விளங்குவோரை அடுத்த சில மாதங்களில் தொழில்முறை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். வரிசையில் எவ்வளவு முன்னால் இருக்கிறாரோ அவ்வளவு பணம். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித், முதல் சில இடங்களுக்குள் தேர்வாவார் எனக் கணிக்கப்பட்டவர். 2016 ஜனவரி 1-ஆம் தேதி அத்தகைய ஆட்டம் ஒன்றில் அவர் முழங்கால் சிதைந்தது. தேர்வில் அவர் 34-ஆவது இடத்துக்குச் சரிந்தார். இழப்பு பல லட்சம் டாலர்.

அதே ஆண்டு டிசம்பரில் லியோனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆகிய இருவர் தங்கள் கல்லூரிகளின் பௌல் ஆட்டங்களில் ஆட மாட்டோம் என்று அறிவித்தனர். தோழர்களைக் கைவிட்டவர்கள் என்ற வசை எழுந்தது. சில மாதங்களில் அவர்கள் முறையே நான்காவது, எட்டாவது இடங்களில் தேர்வாயினர். அதன் பின் ஆண்டுதோறும் பலர் அந்த வழியில் சென்றனர். அன்று அங்கு கல்லூரிகள் வீரர்களுக்கு ஊதியமே தரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயிற்சியாளருக்குக் கோடிகள், கல்லூரிக்குக் கோடிகள், ஆடுகிற மாணவனுக்குக் கல்விக் கட்டணம் மட்டும். அந்த நிலையில் விசுவாசம் கோரியவர்களின் குரல் எடுபடவில்லை. 2021-இல் வீரர்கள் விளம்பர வருவாய் பெற அனுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே வருவாயில் பங்கு தரத் தொடங்கின. இந்திய ரஞ்சி வீரர் ஊதியமின்றி ஆடுபவர் அல்லர். ஆனால், உடல் சிதைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி இரு இடங்களிலும் ஒன்றே.

வாரியத்துக்கும் விசுவாசம் உண்டா?

வீரர்களிடம் ரஞ்சிக்கு விசுவாசம் கேட்கும் வாரியம் தன் பங்குக்கு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் 2020-21 பருவத்தில் ரஞ்சிக் கோப்பை நடத்தப்படவில்லை; 87 ஆண்டுகளில் முதல் முறை. அதே பருவத்தில் டி20 போட்டியும் ஒரு நாள் போட்டியும் நடந்தன. 2020, 2021 இரு ஆண்டுகளிலும் ஐபிஎல் நாடு கடந்தேனும் நடந்து முடிந்தது. ரஞ்சியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வருவாயின்றி நின்றனர். அவர்களுக்கான இழப்பீடு 2021 செப்டம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை ரூ.48,390 கோடிக்கு விற்ற வாரியத்துக்குப் பணம் ஒரு தடையாக இருந்திருக்க முடியாது.

ஆட்ட அட்டவணையிலும் இதே மனப்போக்கு தெரிகிறது. 2024-இல் ரஞ்சி இறுதி ஆட்டம் மார்ச் 14-இல் முடிந்தது. ஐபிஎல் மார்ச் 22-இல் தொடங்கியது. இடையில் எட்டு நாள். ஐந்து நாள் இறுதி ஆட்டத்தில் வீசி முடித்த வேகப்பந்து வீச்சாளருக்கு உடலைத் தேற்றிக்கொள்ள அந்த எட்டு நாள் போதுமா என்று எந்த உடற்பயிற்சி நிபுணரிடமும் கேட்கலாம். 2025-இல் இடைவெளி இருபது நாளானது, ஓரளவு மேல்.

சில நல்ல முயற்சிகளும் உண்டு, மறுப்பதற்கில்லை. 2024 மார்ச்சில் இங்கிலாந்துத் தொடர் முடிந்த கையோடு டெஸ்ட் ஆட்டங்களுக்கு ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு பருவத்தின் டெஸ்ட் ஆட்டங்களில் முக்கால் பங்குக்கு மேல் களமிறங்குபவருக்கு ஆட்டத்துக்கு ரூ.45 லட்சம் கூடுதலாகக் கிடைக்கும். இது உச்சியில் இருப்பவர்களுக்கானது. அதே மாதம் மும்பை கிரிக்கெட் சங்கம் செய்தது அதைவிடப் பொருத்தமானது: வாரியம் தரும் ரஞ்சி ஊதியத்துக்கு இணையான தொகையைத் தன் வீரர்களுக்குத் தானும் தருவதென முடிவு செய்தது. வசதியுள்ள சங்கம் செய்யலாம். வடகிழக்கு மாநிலச் சங்கங்களால் அது இயலுமா என்பது வேறு. முதல்தர வீரர்களுக்கும் ஆண்டு ஒப்பந்த முறை கொண்டுவரப்படும் என்று 2019 அக்டோபரில் வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற சௌரவ் கங்குலி கூறினார். பின்னர் வந்தது நாள் ஊதிய உயர்வு. ஒப்பந்தம் வேறு, நாள் ஊதியம் வேறு. காயமடைந்து வீட்டில் கிடப்பவருக்கு நாள் ஊதியத்தால் என்ன பயன்?

இதையெல்லாம் வீரர்கள் சார்பில் கேட்பதற்கும் ஆளில்லை. லோதா குழுவின் பரிந்துரையை ஒட்டி 2019-இல் அமைந்த இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. களத்தில் இருப்பவர்களுக்குச் சங்கம் கிடையாது.

இரு குதிரைகளில் சவாரி

ஆனாலும் இரண்டையும் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏலத்தில் விலைபோகாத மத்தியப் பிரதேச வீரர் ரஜத் பட்டிதாரை, காயமடைந்த ஒருவருக்கு மாற்றாகப் பெங்களூரு அணி ரூ.20 லட்சத்துக்கு அழைத்தது. மே 25-ஆம் தேதி நாக்-அவுட் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 112 ரன் எடுத்தார். அந்த ஆண்டு ரஞ்சி நாக்-அவுட் ஆட்டங்கள் ஐபிஎல்லுக்குப் பிறகு ஜூனில் நடந்தன. பட்டிதார் மாநில அணிக்குத் திரும்பி, மும்பைக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 122 ரன் எடுத்தார். மத்தியப் பிரதேசம் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. 2025-இல் பெங்களூரு முதல் ஐபிஎல் கோப்பையை வென்றபோது அணித்தலைவர் அவரே. அந்த ஆண்டு அட்டவணை அவருக்குக் கைகொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ரஞ்சியின் முடிவு ஐபிஎல்லுக்குப் பின்னால் வந்ததால் அவர் எதையும் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

ஜம்மு-காஷ்மீரின் ஆகிப் நபி 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 44 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2025 டிசம்பர் ஏலத்தில் தில்லி அணி அவரை ரூ.8.40 கோடிக்கு எடுத்தது. ரஞ்சியில் உழைத்தால் ஐபிஎல் கதவு திறக்கும் என்பதற்கு இது உதாரணமாகக் காட்டப்படுகிறது. எதிர் உதாரணமும் உண்டு. மும்பையின் சர்ஃபராஸ் கான் 2019-20 ரஞ்சிப் பருவத்தில் 928 ரன்னும், 2021-22-இல் 982 ரன்னும் குவித்தவர். 2023 டிசம்பர் ஏலத்தில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஜெய் ஷா ராஜ்கோட்டில் எச்சரிக்கை விடுத்த மறுநாள், அதே மைதானத்தில்தான் சர்ஃபராஸ் இந்திய டெஸ்ட் அணியின் தொப்பியைப் பெற்றார். இரு இன்னிங்ஸிலும் அரைசதம் அடித்தார். 2024 நவம்பர் ஏலத்திலும் அவர் பெயரைக் கேட்டு யாரும் கை தூக்கவில்லை. 2025 டிசம்பரில்தான் சென்னை அணி அடிப்படை விலையான ரூ.75 லட்சத்துக்கு அவரை எடுத்தது.

இதே ஏலத்தில் ரூ.30 லட்சம் அடிப்படை விலைக்கு எடுக்கப்பட்ட இளம் பந்துவீச்சாளர் ஒருவருக்குப் பிப்ரவரியில் ரஞ்சிக் காலிறுதி இருக்கும். அவருடைய விலாவில் ஒரு சிறு பிடிப்பு இருக்கும். அது பிடிப்பா, கிழிசலின் தொடக்கமா என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. ஆடினால் மாநிலத்தில் பெயர் நிலைக்கும். ஆடாவிட்டால் அடுத்த ஆண்டு மாநில அணித் தேர்வின்போது இது நினைவுகூரப்படும். காயம் பெரிதானால் சிகிச்சைச் செலவுக்கு வழி பிறக்கலாம். கைநழுவும் ஐபிஎல் தொகைக்குக் காப்பீடு இல்லை. ஒப்பந்த வீரர்களுக்குள்ள அந்தப் பாதுகாப்பை, ஏலத்தில் எடுக்கப்பட்டு ரஞ்சியில் ஆடும் எல்லோருக்கும் நீட்டிக்க ஆகும் செலவு, ரூ.48,390 கோடியில் எத்தனை பங்கு என்பதை வாரியத்தின் கணக்காளர்கள் ஒரு பிற்பகலில் கணித்துவிட முடியும்.